பாதி மேற்கோளும் முழுப் பொய்யும்

சின்னாளப்பட்டி பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைகளில் மாலைப் பேப்பர் கட்டு வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பேப்பர் அல்ல, வால்போஸ்டர். நாலே நாலு வார்த்தை இருக்கும். யாரோ ஒரு அமைச்சர், அல்லது ஒரு நடிகர், ஏதோ சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு பெரிய ஆச்சரியக்குறி. டீ குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் போஸ்டரைப் படித்த கையோடு விவாதத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அந்த அமைச்சர் சொன்ன மீதி வார்த்தைகள் உள்ளே நாலாம் பக்கத்தில் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் போஸ்டரைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமைச்சர் அந்த நாலு வார்த்தைகளைச் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார், யாருடைய கேள்விக்குச் சொன்னார் என்பதெல்லாம் போய்விட்டது. ஒரு பொய்ச் செய்தியை மறுப்பது சுலபம். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் போதும். பாதி வெட்டிய உண்மையை மறுப்பதுதான் கஷ்டம். "சொன்னேன், ஆனால்..." என்று ஆரம்பிக்கும்போதே கேட்பவர் சிரித்துவிடுவார்.

இது டிவி சேனல்கள் வந்த பிறகு முளைத்த வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

ஒரு தந்தி, ஒரு போர்

1870 ஜூலை 13. பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வில் இருந்தார். ஸ்பெயின் நாட்டு அரியணைக்கு மன்னரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு இளவரசர் பெயர் அடிபட்டு, பிரான்ஸின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டிருந்த நேரம். பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி மன்னரை நேரில் பார்த்து, இனி எக்காலத்திலும் இதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்று வாக்குறுதி கேட்டார். மன்னர் மறுத்தார். பிறகு, இளவரசர் விலகிய செய்தி தமக்கும் உறுதியாகிவிட்டது, இதற்குமேல் பேச எதுவும் இல்லை என்று உதவியாளர் மூலம் தூதருக்குச் சொல்லி அனுப்பினார். நடந்தது இவ்வளவுதான்.

இந்த விவரம் தந்தியாக பெர்லினில் இருந்த பிஸ்மார்க்குக்குப் போனது. அவர் அதைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். புதிதாக ஒரு சம்பவத்தையும் அவர் சேர்க்கவில்லை. இளவரசர் விலகியது உறுதியான விவரத்தை எடுத்துவிட்டார். அது போனதும் மிஞ்சியது என்ன? தூதர் கேட்டார், மன்னர் அவரைப் பார்க்கவே மறுத்து, சொல்ல எதுவும் இல்லை என்று உதவியாளரை அனுப்பினார். மரியாதையான ஒரு பதில், முகத்தில் அடித்த பதிலாக மாறிவிட்டது. பிரான்ஸ் கொதித்தது. ஜூலை 19 அன்று போரை அறிவித்தது. அந்தப் போரின் முடிவில்தான் ஜெர்மன் பேரரசே உருவானது.

போருக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. தந்தி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டு என்பதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மேயோ எழுதிய புத்தகம்

இந்தியாவில் இதே விஷயம் ஒரு நாட்டையே உலுக்கிய கதை 1927இல் நடந்தது. காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1925 கடைசியில் இந்தியா வந்து சில மாதங்கள் சுற்றினார். அதற்குமுன் பிலிப்பைன்ஸ் போய்வந்து, அந்த நாட்டுக்குச் சுயாட்சி தரக்கூடாது என்ற தொனியில் ஒரு புத்தகம் எழுதியவர் அவர். இந்தியப் பயணத்தில் அவருக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகளின் உதவி கிடைத்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்கள். 1927இல் 'மதர் இந்தியா' என்ற புத்தகம் வெளிவந்தது. குழந்தைத் திருமணம், விதவைகள் நிலை, தீண்டாமை, சுகாதாரக்கேடு என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, இப்படிப்பட்ட மக்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு வாசகரைக் கூட்டிக்கொண்டு போகிறது அந்தப் புத்தகம்.

மேயோ இதை வெறும் திட்டாக எழுதியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவர் இந்தியர்களையே சாட்சிக்கு அழைத்தார். சட்டசபையில் குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் பேசிய இந்திய உறுப்பினர்களின் பேச்சுகள், 'யங் இந்தியா'வில் காந்தி எழுதிய கட்டுரைகள் எல்லாம் மேற்கோள்களாக வந்தன. "இவர்களே சொல்கிறார்களே, பிறகென்ன?" என்று வெளிநாட்டு வாசகர் கேட்க மாட்டாரா?

ஆனால் அந்த இந்தியர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள்? திருத்த வேண்டும் என்பதற்காகப் பேசினார்கள். நோயைச் சொன்னவர்களும் மருந்து தேடியவர்களும் ஒரே ஆட்கள். மேயோவின் பக்கங்களில் நோய் பற்றிய வாக்கியம் பெரிதாக வந்தது. மருந்து பற்றிய வாக்கியம் வராமல் போனது, அல்லது வெறும் வாய்ப்பேச்சு என்று ஓரங்கட்டப்பட்டது. அதே 1927இல்தான் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து, தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விட்டுப்போனது எவ்வளவு பெரியது என்பது புரியும்.

தாகூரின் வாயில் வேறொருவர் பேச்சு

மேற்கோள் எப்படிக் கைமாறிக் கைமாறிக் கெட்டுப்போகிறது என்பதற்குத் தாகூருக்கு நடந்தது சரியான பாடம்.

ஐரோப்பாவில் வெளியான திருமணம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்குத் தாகூர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில், பழைய இந்தியச் சமூகம் இளவயதுத் திருமணத்துக்கு என்ன நியாயம் வைத்திருந்தது என்பதை விளக்கியிருந்தார். ஒரு வழக்கத்தின் பின்னால் இருக்கும் வாதத்தை எடுத்துச் சொல்வது ஒன்று, அந்த வழக்கத்தை ஆதரிப்பது இன்னொன்று. பரீட்சையில் "மால்தஸ் கோட்பாட்டை விளக்குக" என்று கேட்டால் விளக்கி எழுதும் மாணவன் மால்தஸின் ஆதரவாளன் ஆகிவிடுவதில்லையே!

மேயோவின் புத்தகத்தில் அந்தக் கட்டுரையின் பகுதிகள் தாகூரின் சொந்தக் கருத்தாகவே தொனித்தன. அடுத்து, லண்டனின் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வாரப் பத்திரிகை 1927 ஜூலையில் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதியது. அதில் எல்லாம் இன்னும் சுருங்கி, பெண்களுக்கு மிகச் சிறு வயதிலேயே இல்லறம் தொடங்கிவிட வேண்டும் என்பது தாகூரின் உறுதியான கருத்து என்ற அளவுக்கு வந்து நின்றது. கட்டுரையிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து விமர்சனம், விமர்சனத்திலிருந்து வாசகர். மூன்று படி இறங்குவதற்குள் மனிதரே மாறிவிட்டார்.

தாகூர் அப்போது பாலித் தீவில் பயணத்தில் இருந்தார். தற்செயலாக அந்தப் பத்திரிகை அவர் கையில் கிடைத்தது. மனம் நொந்துபோய் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். நோபல் பரிசு பெற்றவர் என்பதால் அந்தக் கடிதம் அச்சில் வந்தது. பெயர் தெரியாத ஒருவருக்கு இது நடந்திருந்தால்? மூல விமர்சனத்தைப் படித்த எல்லோரும் மறுப்பையும் படித்திருப்பார்களா என்பது அடுத்த கேள்வி.

காந்தியின் பதில்

மேயோ 1926 மார்ச்சில் சபர்மதி ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தவர். புத்தகம் வந்தபோது காந்தி கதர்ப் பிரச்சாரத்துக்காகத் தென்னாட்டில் இருந்தார். அவர் தமிழ்நாட்டு ஊர்களில் பயணம் செய்துகொண்டிருந்த நாட்களில், 1927 செப்டம்பர் 15 தேதியிட்ட 'யங் இந்தியா'வில், அவருடைய விமர்சனம் வெளியானது.

அதில் அவர் முதலில் பிடித்தது மேற்கோள் விஷயத்தைத்தான். கவனமாகப் பொறுக்கி எடுத்த மேற்கோள்கள் அந்தப் புத்தகத்துக்கு உண்மையான புத்தகம் போன்ற தோற்றத்தைக் கொடுக்கின்றன என்பது அவர் கணிப்பு. சாக்கடைகளைத் திறந்து பார்த்து அறிக்கை தருவதற்கென்றே அனுப்பப்பட்ட ஆய்வாளரின் அறிக்கை போல இருக்கிறது என்றார். சாக்கடையைப் பார்க்க வந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் குறை இல்லை, சாக்கடைதான் இந்தியா என்கிறாரே என்பது அவருடைய ஆட்சேபம்.

தம்மைப் பற்றிய பகுதிகளில் உள்ள தவறுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எப்போதும் இரண்டு செயலாளர்கள் அவர் பேசுவதை எல்லாம் எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று மேயோ எழுதியிருந்தார். அது சரியல்ல என்ற காந்தி, ஆனால் வேண்டுமென்றே சொன்ன பொய் அல்ல என்பதையும் கூடவே எழுதினார். எதிராளியிடம்கூட நியாயமாக நடந்துகொள்வது இதுதான். அமெரிக்காவுக்கு என்ன செய்தி என்று கேட்டதற்கு ராட்டையின் ஓசைதான் தம் செய்தி என்று காந்தி சொன்னதாகப் புத்தகத்தில் இருந்தது. அப்படிச் சொன்ன நினைவே இல்லை என்றார் அவர். தம்மைப் பார்க்க வரும் அமெரிக்கர்களுக்கு வழக்கமாகச் சொல்வது வேறு என்று விளக்கினார்: பத்திரிகைகளை நம்பாதீர்கள், இந்தியாவை அறிய வேண்டுமானால் மாணவராக நேரில் வந்து படியுங்கள். முடியாவிட்டால் ஆதரித்து எழுதியதையும் எதிர்த்து எழுதியதையும் இரண்டையும் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

காந்தியையும் வெட்டினார்கள்

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மேற்கோள் வெட்டைக் கண்டித்த இதே கட்டுரையும் வெட்டுக்குத் தப்பவில்லை.

'சாக்கடை ஆய்வாளர் அறிக்கை' என்ற தொடர் ஊரெல்லாம் பரவியது. இன்றைக்கும் மேயோ பற்றி எழுதுபவர்கள் அந்த ஒரு தொடரோடு நிறுத்திவிடுகிறார்கள். காந்தி புத்தகத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில் அவர் எழுதியது வேறு. அமெரிக்கர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இந்தப் புத்தகத்தால் நன்மை இல்லை. ஆனால் ஒவ்வொரு இந்தியரும் இதைப் படித்து ஓரளவு பயன் பெறலாம் என்றார். மேயோ குற்றச்சாட்டை வைத்த விதத்தை மறுக்கலாம், அதன் அடியில் இருக்கும் விஷயத்தை மறுத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இந்தப் பாதியை விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு? மேயோவுக்கு ஒன்றும் இல்லை. எட்டு வயதிலும் பத்து வயதிலும் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட சிறுமிகளுக்குத்தான் நஷ்டம். "வெள்ளைக்காரி பொய் சொல்லிவிட்டாள்" என்ற கோபத்தில், அவர்களுடைய துயரமும் பொய்க் கணக்கில் சேர்ந்துவிடும் ஆபத்து இருந்தது.

நல்லவேளையாக எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' பத்திரிகையின் ஆசிரியரான தமிழர் கே. நடராஜன் மேயோவுக்கு மறுப்பு நூல் எழுதினார். ஆனால் அவரே பல ஆண்டுகளாகச் சமூகச் சீர்திருத்தத்துக்காக எழுதி வந்தவர். மறுப்பும் சீர்திருத்தமும் சேர்ந்தே போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி. 1929இல் சாரதா சட்டம் என்று அழைக்கப்பட்ட குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயது வந்தது. இந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்கள் இந்தியப் பெண்களும் இந்தியச் சீர்திருத்தக்காரர்களும்தான்.

காமர்ஸ் வகுப்பில் வரும் ஒரு வழக்கு

வார்த்தைகள் உண்மையாக இருந்தால் போதுமா என்ற கேள்வி ஏறத்தாழ அதே வருடங்களில் லண்டன் கோர்ட் ஒன்றிலும் வந்தது. பி.காம் மாணவர்களுக்குக் கம்பெனிச் சட்டப் பாடத்தில் அறிமுகமான வழக்கு: கைல்சன்ட் பிரபு வழக்கு.

ராயல் மெயில் கப்பல் கம்பெனி 1928இல் பொதுமக்களிடம் கடன் பத்திரத்துக்காகப் பணம் திரட்ட ஒரு பிராஸ்பெக்டஸ் வெளியிட்டது. கம்பெனி முந்தைய வருடங்களில் கொடுத்த டிவிடெண்ட் விவரம் அதில் இருந்தது. எண்கள் அத்தனையும் உண்மை. ஆனால் 1921 முதல் 1927 வரை கம்பெனி தொழிலில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் சேர்த்து வைத்த ரகசிய நிதியை எடுத்துத்தான் டிவிடெண்ட் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயம் மட்டும் பிராஸ்பெக்டஸில் இல்லை. படித்தவர்கள் கம்பெனி லாபத்தில் ஓடுகிறது என்று நினைத்தார்கள்.

1931இல் கம்பெனித் தலைவர் கைல்சன்ட் பிரபுவுக்கு 12 மாதச் சிறை. அச்சிட்ட ஒவ்வொரு வரியும் உண்மை என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. விட்டதால் மொத்தமும் பொய்யாகிறது என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டத்திலும், 34வது பிரிவின்படி, பிராஸ்பெக்டஸில் ஏமாற்றும் வகையில் ஒன்றைச் சேர்ப்பதும் குற்றம், விடுவதும் குற்றம்.

பணம் போடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. செய்தி படிப்பவருக்கு இவ்வளவு இல்லை. பிரஸ் கவுன்சில் ஒரு பத்திரிகையை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. அனுப்பவும் வேண்டாம். எதை எடுப்பது எதை விடுவது என்று ஆசிரியருக்கு அரசாங்கம் உத்தரவு போட ஆரம்பித்தால், அது வெட்டைவிடப் பெரிய ஆபத்து. ஆக, இந்தத் தணிக்கை வேலை வாசகர் தலையில்தான் விழுகிறது.

2006: ஒரு பத்தி, ஒரு வார்த்தை

பழங்கதை போதும், சமீபத்திய ஒன்றையும் பார்க்கலாம். 2006 டிசம்பர் 9 அன்று டெல்லியில் தேசிய வளர்ச்சி மன்றக் கூட்டத்தில் பிரதமர் மன்மோகன் சிங் பேசினார். ஒரு பத்தியில் அரசின் முன்னுரிமைகளைப் பட்டியலிட்டார்: விவசாயம், பாசனம், சுகாதாரம், கல்வி, கிராமப்புறக் கட்டமைப்பு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், குழந்தைகள். பிறகு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் திட்டங்கள் பற்றி ஒரு வாக்கியம். சிறுபான்மையினர், குறிப்பாக முஸ்லிம்கள், வளர்ச்சியில் சமபங்கு பெறப் புதுத் திட்டங்கள் வேண்டும் என்று ஒரு வாக்கியம். அதற்கு அடுத்த வாக்கியத்தில், வளங்களின் மீது முதல் உரிமை 'அவர்களுக்கு' இருக்க வேண்டும் என்றார்.

யாருக்கு? கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்தால் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று வரும். பல செய்திகள் அப்படித்தான் வந்தன. மறுநாளே பிரதமர் அலுவலகம், அந்த வார்த்தை மேலே பட்டியலிட்ட எல்லா முன்னுரிமைகளையும் குறிக்கிறது என்று விளக்கம் கொடுத்தது. இல்லை, முந்தைய வாக்கியத்தைத்தான் குறிக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2024 மக்களவைத் தேர்தலிலும் இந்தச் சண்டை திரும்ப வந்தது.

பிரதமர் பேசியது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் ஆட்களையும் குறிக்கும், விஷயங்களையும் குறிக்கும். தமிழில் அது முடியாது. 'அவர்களுக்கு' என்று எழுத வேண்டும், அல்லது 'இவற்றுக்கு' என்று எழுத வேண்டும். மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர் எதைப் போட்டாலும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்! எந்தப் பொருள் சரி என்று வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். அதற்கு முழுப் பத்தியும் அவர்கள் கண்முன் இருக்க வேண்டும். பாதியைப் பார்த்தவருக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

முழுச் சேலை

எல்லா வெட்டும் சதி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை நூறு வார்த்தைக்குள் அடக்கும் நிருபர் வெட்டத்தான் செய்வார். பேச்சாளரே "அப்போது அப்படிச் சொல்லவில்லை" என்று பத்திரிகை மேல் பழி போட்டுத் தப்பிப்பதும் உண்டு. ஆகவே "வெட்டிவிட்டார்கள்" என்று யாராவது கத்தினால் அதையும் அப்படியே நம்பக்கூடாது. மூலத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது நாலு கேள்விகள் உதவும். இதற்கு முன்னால் என்ன சொன்னார்? பின்னால் 'ஆனால்' என்று ஏதாவது வந்ததா? இது அவர் கருத்தா, மற்றவர் கருத்தை எடுத்துச் சொன்னாரா? சொன்ன பத்து விஷயங்களில் இந்த ஒன்றை மட்டும் ஏன் எடுத்தார்கள்? பிஸ்மார்க்கின் தந்தி, தாகூரின் கட்டுரை, காந்தியின் விமர்சனம் எல்லாமே இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது காந்திகிராமம். 1947இல் அதை கோ. ராமச்சந்திரனோடு சேர்ந்து நிறுவியவர் டாக்டர் சௌந்தரம். சிறுவயதில் கல்யாணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு மருத்துவம் படித்தார், 1940இல் காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டார், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்காக உழைத்தார். அவர் வாழ்க்கையின் முதல் பாதியை மட்டும் எழுதினால் மேயோவின் புத்தகத்தில் ஒரு பக்கம் கிடைக்கும். பிற்பாதியை மட்டும் எழுதினால், இங்கே குறையே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு வசதியாகப் போய்விடும். சௌந்தரம் அம்மா இரண்டும்தான்.

சின்னாளப்பட்டிக்குச் சுங்குடிச் சேலை எடுக்க வருகிறவர்கள் முந்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. "முழுசா விரிச்சுக் காட்டுங்க" என்பார்கள். உடம்பில் சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடிக்கச் சொல்வார்கள். சில நூறு ரூபாய்ச் சேலைக்கே இவ்வளவு கவனம். அடுத்த முறை பெட்டிக்கடை போஸ்டரைப் பார்த்து ரத்தம் கொதிக்கும்போது, பேப்பரை வாங்கி நாலாம் பக்கத்தையும் ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடுவது நல்லது.